சிவனொளிபாதத்திலிருந்து கோட்டைக்கு

சிவனொளிபாத மலைக்கு ஏறிய கதையைச் சொல்ல நம்மிடையே ஆட்களுக்குக் குறைவில்லை. நள்ளிரவில் புறப்பட்டதும், குளிரில் பல் கிட்டியதும், கடைசிப் படிகளில் இரும்புக் கம்பியைப் பற்றித் தொங்கியதும், உச்சியிலே கதிரவன் உதயமாகக் கண்டு மெய்சிலிர்த்ததும் ஆகிய நான்கு கட்டங்களும் பிசகாமல் வரும். அதன் பிறகு, "பின்னர் இறங்கி வீடு வந்து சேர்ந்தோம்" என்ற ஒரே வாக்கியத்தில் மலையும் முடிந்துவிடும்; பிரயாணமும் முடிந்துவிடும். அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் முழுதாக ஒரு பகற்பொழுது அடங்கிக் கிடக்கிறது. 7,359 அடி உயரத்திலிருந்து கடல் மட்டம் வரை, இலங்கையின் நடுமேட்டிலிருந்து மேற்குக் கரை வரை இறங்கிவரும் பகற்பொழுது அது. எழுத வேண்டியதே அந்தப் பகுதிதான் என்பது என் கட்சி.

இரவில் ஏறுகிறவர்கள் மலையைக் காண்பதில்லை. 2024ஆம் ஆண்டு மாசி மாதத்தில் நாங்கள் நால்வர் நல்லதண்ணியிலிருந்து ஏறத் தொடங்கியபோது மணி ஒன்றரை. எங்களுள் இருவர் பல்கலைக்கழக மாணவர். அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் மின்விளக்குகள் மாலை தொடுத்தாற்போல வளைந்து வளைந்து சென்றன. அந்த மாலையின் கடைசி விளக்கு எது, வானத்தின் முதல் விண்மீன் எது என்று பிரித்தறிய முடியவில்லை. படிகள், தேநீர்க் கடைகள், முன்னே செல்பவரின் குதிகால் இவையன்றி வேறொன்றையும் கண்டோமில்லை. பாதையின் இருமருங்கிலும் என்ன இருக்கிறது, யார் வாழ்கிறார்கள் என்பதெல்லாம் பொழுது விடிந்து, முகம் கீழ்நோக்கித் திரும்பிய பிறகே எங்களுக்குப் புலப்பட்டன.

உச்சியிலே அதிக நேரம் நிற்க முடியாது. இடம் சிறிது, கூட்டம் பெரிது. கிழக்கே செம்மை படர்ந்து ஞாயிறு எழுந்ததும் ஒரு பகுதியினர் மேற்குப் பக்கம் ஓடுவார்கள். அங்கே, கீழேயுள்ள மூடுபனியின் மேல் மலையின் நிழல் அளவெடுத்து வரைந்த முக்கோணம்போல் விழுந்து கிடக்கும். மலையின் உருவம் அவ்வளவு ஒழுங்கானதன்று. நிழல் மட்டும் எப்படி இத்தனை ஒழுங்காக விழுகிறது என்று மாணவருள் ஒருவர் கேட்டார். நிழல் மிக நீண்டு தொலைவுக்குச் செல்வதால், புகைவண்டித் தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்றுகூடுவதுபோல் அதன் இரு ஓரங்களும் நம் கண்ணுக்கு ஒரு முனையில் கூடுகின்றன என்று மற்றவர் விளக்கினார். கதிரவன் சிறிது உயர்ந்ததும் அந்த முக்கோணம் மலையடிவாரத்தை நோக்கிச் சுருங்கி மறைந்தது. இத்தனையாவது முறை ஏறினோமோ அத்தனை முறை மணியை அடிப்பது இத்தலத்து வழக்கம். ஒரு முதிய சிங்கள அன்பர் அடித்துக்கொண்டே இருந்தார். எண்ணத் தொடங்கிய நாங்கள் இருபதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டோம். எங்கள் பங்குக்கு ஒரே ஓர் ஒலி.

சைவர்க்கு இது சிவன் பாதம். பௌத்தர்க்குப் புத்தர் பாதம். இஸ்லாமியர்க்கும் கிறிஸ்தவருள் ஒரு சாரார்க்கும் ஆதாம் அடி வைத்த இடம். எல்லாரும் ஒரே படியில் ஏறி ஒரே படியில் இறங்குகிறார்கள் என்பது பார்க்க மகிழ்ச்சி தருவது. எக்காலத்தும் அப்படி இருந்ததில்லை. 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் விஜயபாகு மன்னன் இம்மலைக்கு வருவோர்க்குச் செய்த அறங்களை அம்பகமுவக் கல்வெட்டு சொல்கிறது. தாழ்ந்த குலத்தவர் எனப்பட்டோர் நின்று வழிபடுவதற்கு மேல்தளத்துக்குக் கீழே தனியாக ஒரு தளம் அமைத்ததையும் அதே கல்வெட்டுத்தான் சொல்கிறது. அவர்களையும் மறவாமல் இடம் ஒதுக்கினான் என்று மன்னனைப் பாராட்டுவதா, கீழேதான் ஒதுக்கினான் என்று வருந்துவதா என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

1344இல் இங்கு வந்த அரபு யாத்திரிகர் இப்னு பதூதாவுக்கு யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி பல்லக்கும் துணைக்கு ஆட்களும் கொடுத்தனுப்பினான். மலையிலே பிடித்து ஏறுவதற்கு மாட்டப்பட்டிருந்த சங்கிலிகளைப் பற்றி அவர் வியந்து எழுதியிருக்கிறார். எங்களுக்குப் பல்லக்கு அனுப்ப மன்னர் எவரும் இலர். இறங்கிய பிறகு இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு பஸ்தான் எங்கள் பல்லக்கு.

இறங்குவது ஏறுவதைவிட எளிது என்பது சமவெளியில் வாழ்வோரின் கற்பனை. ஏறும்போது மூச்சு வாங்கும். சற்று நின்றால் அது அடங்கிவிடும். இறங்கும்போது மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை, முழங்காலோ சொன்னபடி கேட்பதில்லை. ஏறுகையில் தொடைத்தசை சுருங்கி உடலை உயர்த்துகிறது. இறங்குகையில் அதே தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. நீளும் நிலையில் பாரம் தாங்கும் தசையில் நுண்ணிய சிதைவுகள் மிகுதியாக உண்டாகின்றன. ஆதலால் வலி அன்றைக்கு முழுதாகத் தெரியாது; மறுநாளும் அதற்கடுத்த நாளும் தலையெடுக்கும். அட்டன் பக்கத்துப் பாதையில் படிகள் ஏறத்தாழ 5,500 என்பார்கள். எண்ணியவர்கள் தங்களுக்குள் ஒத்துப்போவதில்லை. ஊன்றுகோல் ஒன்று கையில் இருப்பது நல்லது. அவசரமாகத் துள்ளி இறங்கிய வாலிபர்கள் பாதி வழியில் படியோரம் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருக்க, வெள்ளைச் சேலை உடுத்த பாட்டிமார் பக்கவாட்டாக ஒவ்வொரு படியாய்க் கால் வைத்து அவர்களைக் கடந்து சென்றார்கள்.

ஏறுவோரும் இறங்குவோரும் எதிர்ப்படும் இடங்களில் ஒருவருக்கொருவர் "கருணாவயி" என்று வாழ்த்திக்கொள்வது சிங்கள யாத்திரிகர் வழக்கம். மலைத் தெய்வமாகிய சமன் தேவனின் கருணை உங்களுக்கு உண்டாகட்டும் என்பது அதன் கருத்து. முதன்முறை வருபவரைக் "கோடுகாரயா" என்று கேலியாக அழைப்பார்கள். வழியில் ஓரிடத்தில் கம்பிகளெங்கும் வெள்ளை நூல் சுற்றிச் சுற்றிப் படலமாகக் கிடந்தது. புத்தர் பிரான் இங்கே அமர்ந்து தம் காவியுடையின் கிழிசலைத் தைத்தார் என்ற ஐதிகத்தின் நினைவாக யாத்திரிகர் நூல் கட்டிச் செல்கிறார்கள். இரவிலே அதைச் சிலந்தி வலை என்று எண்ணிக் கடந்திருந்தோம்.

இரவில் நாங்கள் காணாத இன்னொன்றும் உண்டு. உச்சிக்கு அருகிலுள்ள கடைவரைக்கும் அரிசி, சீனி, தண்ணீர்ப் போத்தல், எரிவாயுச் சிலிண்டர் எல்லாம் எப்படி வந்தன என்பது அது. மோட்டார் வண்டி ஏறாத பாதை. ஆகவே அவை ஏறியது மனிதர் முதுகில். தலையிலே சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் சிலிண்டரைச் சாய்த்து ஏந்தி, ஓர் இளைஞர் எங்களுக்கு எதிரே ஏறி வந்தார். வழிவிட்டு நின்றோம். "எத்தனை தடவை தம்பி, ஒரு நாளைக்கு?" என்று கேட்டேன். "ஒருக்காதாங்க ஐயா. ரெண்டாந்தரம் ஏறுனா மறுநா வேலைக்குப் போவ முடியாது" என்று சொல்லிவிட்டு நிற்காமல் ஏறினார். வார நாட்களில் தோட்டத்து வேலை. ஓய்வு நாட்களிலே சுமை. மேலே நாங்கள் குடித்த இஞ்சித் தேநீரின் விலை கீழே விற்பதைவிட அதிகம் என்று இரவில் முணுமுணுத்த நண்பர், அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

உச்சியைச் சூழ்ந்திருப்பது காடு. உயரத்தால் குட்டையாகி, காற்றால் முறுகி, பாசி படர்ந்த மரங்கள் நெருங்கிய காடு. இலங்கையின் மத்திய மலைநாடு 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது இந்தச் சிகரக் காடும் அதனுள் அடங்கியது. அந்தப் பெருமையைப் படியோரத்தில் கிடந்த பிளாஸ்டிக் போத்தல்கள் அறிந்ததாகத் தெரியவில்லை. சிறிது கீழே வந்ததும் சீத கங்குல என்னும் நீரோடை. யாத்திரிகர் குளித்தோ முகம் கழுவியோ தூய்மை பெறும் இடம். நீரின் குளிர்ச்சி கையை மரக்கச் செய்கிறது. அதற்கும் கீழே ஜப்பானியப் பிக்குகள் எழுப்பிய வெண்ணிறச் சாந்தித் தூபி. பிறகு காடு சட்டென்று ஓரிடத்தில் நின்றுவிட, கத்தரித்து விட்டாற்போலத் தேயிலை தொடங்குகிறது.

தேயிலை தொடங்குமிடத்தில் தமிழும் தொடங்குகிறது. அடிவாரத்து ஊரின் பெயரைத் தோட்டக்காரத் துரைமார் டல்ஹவுசி என்று வைத்தார்கள். மக்கள் வைத்த பெயர் நல்லதண்ணி. மலையிலிருந்து இறங்கிய நீரைக் குடித்துப் பார்த்தவர் எவரோ வைத்த பெயராக இருக்க வேண்டும். சிங்கள மக்களும் அதனையே நல்லதண்ணிய என்று வழங்குகிறார்கள். நாட்டின் மிகப் புனிதமான மலைகளுள் ஒன்றுக்கு வாயிலாக நிற்கும் ஊருக்கு, கூடை சுமந்தவர்கள் இட்ட பெயர் நிலைத்துவிட்டது. பெயர்ப்பலகையைப் பார்த்து மாணவர்கள் வெகுநேரம் நின்றார்கள்.

டிசம்பர் மாதத்துப் பௌர்ணமி தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை நீளும் யாத்திரைக் காலத்தில் நல்லதண்ணியிலிருந்து பஸ்களுக்குக் குறைவில்லை. நடத்துநர் "அட்டன், அட்டன்" என்று கூவிக்கொண்டே எங்கள் மூட்டைகளை வாங்கி உள்ளே எறிந்தார். பஸ்ஸின் மிதிபலகை என்னும் அந்த மூன்று படிகளில் ஏறுவதற்கு நாங்கள் பட்ட பாட்டைக் கண்டு உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களும் சற்று முன்னர் அதே பாடு பட்டவர்கள்தாம்.

சிறிது தூரம் சென்றதும் சாலையோரத்தில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் விரிந்தது. சிவனொளிபாதத்துச் சரிவுகளில் பிறக்கும் மஸ்கெலியா ஓயாவை மறித்து 1969இல் உருவாக்கிய நீர்த்தேக்கம் இது. மஸ்கெலியாவில் ஏறி என் பக்கத்தில் இடம்பிடித்த ஒரு மூதாட்டி, நான் சன்னல் வழியே எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டு, தாமாகவே பேசினார்.

"என்னா ஐயா பாக்குறீங்க? கோயிலயா? இப்பத் தெரியாதுங்க, தண்ணி நெறைய கெடக்கு. பங்குனி சித்திரையில வத்துனாத் தெரியும்."

"எந்தக் கோயில் அம்மா?"

"பழைய டவுனுக் கோயிலு. டவுனே உள்ளதான் கெடக்குது. எங்கப்பா என்னயத் தோள்ல வச்சுக்கிட்டுத் தீவாளிக்குத் துணி எடுக்கப் போன கடத்தெரு அதுக்குள்ளதான் இருக்கு."

அவர் சொன்னது உண்மை. பழைய மஸ்கெலியா நகரம் நீருக்கடியில் கிடக்கிறது. இப்போதுள்ள நகரம் மேட்டிலே புதிதாக அமைந்தது. கோடையில் நீர்மட்டம் தாழும்போது இந்துக் கோயில் ஒன்றும் பௌத்த விகாரை ஒன்றும் பள்ளிவாசல் ஒன்றும் சிதைந்த நிலையில் தலைகாட்டும். ஊரார் திரண்டு போய்ப் பார்ப்பார்கள். மழை பெய்ததும் மீண்டும் மூழ்கிவிடும். நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே கணக்குப் போட்டுக் காட்டியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. லக்சபானத் திட்டத்தின் முதற்கட்டம் 1950இல் நிறைவேறியது. பின்னர் 1965இல் காசல்ரீ, 1969இல் மவுசாக்கலை. கொழும்பிலே நாம் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிவதில் அந்தக் கடைத்தெருவுக்கும் ஒரு பங்கு உண்டு.

மூதாட்டி மேலும் பேசினார். அட்டனுக்கு மருந்து எடுக்கப் போகிறாராம். பிள்ளைகள் கொழும்பில், ஒருவன் உணவுக்கடையில், ஒருத்தி ஒரு வீட்டில். கூடப் பிறந்த அண்ணன் கொத்தகிரியில்.

"இந்தியாவிலா?"

"ஆமாங்க. நான் கல்யாணமாகிப் போன வீட்டுல இலங்கைக்கு எழுதிப் போட்டிருந்தாங்க. அண்ணன் வீட்டுல இந்தியாவுக்கு எழுதிப் போட்டுட்டாங்க. எம்பத்தொண்ணுல கோச்சி ஏறிப் போனாரு. அட்டன் டேசன்ல வழியனுப்பிட்டு வந்தேன். இப்பப் பேரன் போன்ல மூஞ்சியப் பாத்துப் பேசிக்கிறோம். கூப்புடுறாரு, வந்து பாத்துட்டுப் போன்னு. எங்கிட்டுப் போறது?"

இதைச் சொல்லும்போது அவர் குரலில் மாற்றமில்லை. ஆயிரம் முறை சொல்லித் தேய்ந்த செய்தி. நான்தான் வெளியே பார்த்தேன்.

வெளியே, இரவில் இருளாக நின்ற மலைச்சரிவுகளெல்லாம் இப்போது பெண்கள். நெற்றியில் கூடைக் கயிறு, இடுப்பில் சுற்றிய படங்கு, இரண்டு கையும் பறக்கக் கொழுந்து எடுக்கும் வரிசை. அவர்களுக்குக் கீழே நீண்ட லயங்கள், தகரக் கூரைமேல் காற்றுக்குப் பாரமாக வைத்த கற்கள், கொடியில் உலரும் பள்ளிச் சீருடை. நாட்சம்பளம் 1,000 ரூபா ஆக வேண்டும் என்று இவர்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டு, 2021ஆம் ஆண்டில்தான் அது வர்த்தமானியில் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே நாணயம் சரிந்து விலைவாசி அதனை விழுங்கிவிட்டது. நோர்வூட் கடந்தது. காசல்ரீயின் நீர் ஒருபுறம் மின்னியது; அதை நோக்கி நிற்கும் வார்லி தேவாலயம் 1878இல் துரைமார் கட்டியது. அதன் முற்றத்துக் கல்லறைகளில் இளவயதில் மாண்ட வெள்ளையர்களின் பெயர்கள் இருக்கின்றன. காட்டை வெட்டிச் சாலை போட்டு மாண்ட நம்மவருக்குப் பெயர் பொறித்த கல் இல்லை. டிக்கோயாவில், 2017இல் இந்தியப் பிரதமர் திறந்துவைத்த மருத்துவமனையைச் சாலையிலிருந்தே காணலாம்.

அட்டன் நகரம் சரிவிலே தொற்றிக்கொண்டிருக்கும் ஒரு கடைத்தெரு. மாணிக்கப் பிள்ளையாரை வணங்கி, ஒரு கடையில் தோசையும் சாயத்தண்ணியும் அருந்திவிட்டுப் புகைவண்டி நிலையத்துக்கு வந்தோம். 4,141 அடி உயரத்தில் அமைந்த நிலையம். ஊரைச் சுற்றியுள்ள மேடே ஒரு நீர்ப்பிரிப்பு. டிக்கோயாப் பக்கம் விழுகிற மழை களனி கங்கையோடு கொழும்புக்குச் செல்லும். மறுபக்கம் விழுகிற மழை மகாவலியோடு திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவுக்குச் செல்லும்.

1884இல் அட்டனுக்கு இருப்புப்பாதை வந்தது. யாத்திரிகருக்காக வந்ததன்று, கோப்பிக்காகத் திட்டமிட்டு, கோப்பி நோயில் அழிந்த பிறகு தேயிலைக்குப் பயன்பட்டது. அதற்கு முன்னர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் வீழ்ந்தோர் பலர். 2023ஆம் ஆண்டில், வந்து 200 ஆண்டு ஆனதை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் மலையக மக்கள் நடந்தார்கள் என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். 1914இல் தலைமன்னாருக்கு இருப்புப்பாதை முடிந்ததும் நடை குறைந்தது. வந்தவர்களைக் கொணர்ந்த அதே பாதை பிற்காலத்தில் அவர்கள் பிள்ளைகளை ஏற்றிச் செல்லவும் பயன்பட்டது.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட இம்மக்களின் எண்ணிக்கை 975,000 என்று கொண்டு, 1964 ஒக்டோபரில் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 525,000 பேரை இந்தியா ஏற்பது. 300,000 பேரை இலங்கை ஏற்பது. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது. பின்னர் 1974இல் பேசி, பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். கணிதப் பாடத்தில் வரும் ஈவும் மீதியும் போல இருக்கிறது. அந்தக் கணக்கில் அண்ணனும் தங்கையும் வெவ்வேறு பக்கம் விழுந்தார்கள். 1984இல் தலைமன்னார், இராமேசுவரம் கப்பற் போக்குவரத்து நிற்கும் வரை, மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்தனர். நீலகிரியில் பலர் மறுபடியும் தேயிலைக்கே சென்றனர். புறப்படும் நாளில் இந்த மேடையில் எழுந்த அழுகையால் அந்த வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் "ஒப்பாரிக் கோச்சி". எஞ்சியவர்களுள் நாடற்றோராகவே இருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

நிலையத்தில் இவற்றைச் சொல்லும் பலகை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் முதுகுப் பைகளோடு மேடையின் விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பதுளையிலிருந்து பகல் வண்டி வந்தது. மூன்றாம் வகுப்பில் நிற்க இடம் கிடைத்தது. அந்தக் கால்களோடு நிற்பதென்றால் என்ன என்று விவரிக்கத் தேவையில்லை.

அட்டனுக்கும் நாவலப்பிட்டிக்கும் இடைப்பட்ட இறக்கம் மிக அழகியது. 44 அடிக்கு ஓர் அடி வீதம் சரியும் பாதையில் வண்டி தடுப்பை உரசி உரசி இறங்குகிறது. ரொசல்ல, வட்டவளை, கலபொட என்று சின்னஞ்சிறு நிலையங்கள். நிலைய அதிபர்கள் பூச்சட்டிகளைப் பிள்ளைகள்போல் வளர்க்கிறார்கள். வட்டவளை இலங்கையில் மிக அதிகமாக மழை பொழியும் இடங்களுள் ஒன்று. நாங்கள் போன அன்றும் வானம் வழக்கத்தைக் கைவிடவில்லை. இவ்வழியில் இப்போது செல்ல எண்ணுவோர்க்கு ஒரு சொல்: 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைத் தாக்கியபோது இந்த இருப்புப்பாதை பல இடங்களில் மண்சரிவால் சிதைந்தது. வண்டிகள் எதுவரை ஓடுகின்றன என்று விசாரித்துக்கொண்டு புறப்படுக. நாங்கள் கண்ட லயங்கள் பலவற்றுக்கும் பின்னால் நின்றது செங்குத்தான மண்சுவர். அந்த நாட்களில் செய்தி கேட்கும்போதெல்லாம் அவைதாம் கண்முன் நின்றன.

நாவலப்பிட்டியில் அமர இடம் கிடைத்தது. கீழே மகாவலி அகன்று ஓடியது. இப்னு பதூதா வந்த காலத்தில் சிங்கள அரசின் தலைநகராயிருந்த கம்பளை இன்று நெரிசல் மிக்க ஒரு கடைவீதி. பேராதனையில் மாணவர் இருவரும் இறங்கிக்கொண்டனர். இறங்கிய விதத்தைக் கண்டு அவர்களின் தோழர்கள் மேடையிலேயே ஆரவாரம் செய்தார்கள். கடுகண்ணாவையில் மலை முடிகிறது. பாறையைக் குடைந்த பாதையின் ஓரத்தில் பள்ளம் திடீரென்று வாய் திறக்கிறது. எதிரே பத்தலேகல மலை. றம்புக்கணைக்கு வந்ததும் காற்றின் சுபாவமே மாறிவிட்டது. கம்பளிச் சட்டைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. இறால் வடை விற்பவர் ஏறினார். தென்னை, வயல், மறுபடி தென்னை. பொல்காவலைக்கு இப்பால் நான் பெரும்பாலும் உறங்கிவிட்டேன்.

ராகமை கடந்து களனியை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வண்டி இரும்புப் பாலத்தின்மேல் கடகடவென ஏறியது. கீழே கலங்கிய நிறத்தில் களனி கங்கை. மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடிப் பிறக்கும் ஆறு இது. நீளம் 145 கிலோமீட்டர். சீத கங்குலையில் எங்கள் கையை மரக்கச் செய்த நீர், மவுசாக்கலையில் கடைத்தெருவின்மேல் தங்கி, மின்யந்திரங்களைச் சுழற்றி, அம்பத்தளையில் ஒரு பகுதி கொழும்பு மக்களின் குழாய்களுக்குப் பிரிந்து, மிஞ்சியது இங்கே வருகிறது. பாலத்தைக் கடக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. பெட்டியில் இருந்தவர்கள் மூட்டைகளை இறக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மருதானை. பிறகு கோட்டை. அங்கே எங்களுக்கு ஒரு சோதனை காத்திருந்தது: மேடையிலிருந்து வெளியேற மேம்பாலப் படிகள். ஏறுவதை எப்படியோ ஏறிவிட்டோம். மறுபக்கம் இறங்க வேண்டிய படிகளின் உச்சியில் நின்று, கைப்பிடிக் கம்பியை இரு கைகளாலும் பற்றி, பக்கவாட்டாக ஒவ்வொரு படியாகக் கால் வைத்தோம். அலுவலகம் விட்டு விரைந்துகொண்டிருந்த கூட்டம் எங்களை இடித்துத் தள்ளிச் சென்றது. ஒரு நடுத்தர வயது அம்மையார் மட்டும் எங்கள் கால்களைப் பார்த்தார். மணிக்கட்டில் கட்டியிருந்த வெள்ளை நூலைப் பார்த்தார். புரிந்துகொண்டவராய்ப் புன்முறுவல் பூத்து, "கருணாவயி" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார்.